பதினேழாம் சீட்

நாகர்கோவில்,
வியாழக்கிழமை, சாயங்காலம்.

கர்த்தருக்குள் பிரியமான தங்கை நேசபாய்க்கு, அண்ணன் யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இன்றைக்கு அது பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்தி ஷிபாவுக்கும் தேவகிருபை குறைவில்லாமல் இருக்கட்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அதனால் எழுதி, ஐந்தேமுக்கால் புதுக்கடை வண்டியில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுசாக வாசித்துவிட்டுத் திட்டு.

ஏட்டி, என்னை அந்தப் பார்வையாளர் குழுவில் சேர்த்துவிட்டது நீ. விண்ணப்பத்தை எழுதியதும் நீதான், என் போட்டோவை ஒட்டியதும் நீதான். ஆரல்வாய்மொழி தாண்டி மின்சாரக் காற்றாடிகளுக்கு நடுவில் இருக்கிற கூர்நோக்கு இல்லம், வழக்கு முடிகிறவரை பதினெட்டு வயது நிறையாத பையன்களை வைத்திருக்கும் இடம், மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து நாலு வரி எழுதினால் போதும் அண்ணா என்றாய். முப்பத்துமூன்று வருஷம் கண்டக்டராக இருந்து, செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினாலே டிக்கெட் கட்டை மூன்று தடவை எண்ணிப் பார்த்தவனை நீ செக்கிங் ஆக்கிவிட்டாய். இதுவரை ஐந்து தடவை போனேன். வாசல் சுவரில் பதினோரு வேலைகளின் பெயர் வரிசையாகப் பெயிண்டில் எழுதியிருக்கிறது, கண்காணிப்பாளர், காப்பாளர், ஆற்றுப்படுத்துநர், சமையலர் என்று. உள்ளே இருப்பது முருகதாஸ் ஒருவன்தான், கான்ட்ராக்ட் காவலாளி. கண்காணிப்பாளருக்கு இதுபோல இன்னும் இரண்டு இல்லங்கள் கூடுதல் பொறுப்பு, திருநெல்வேலிப் பக்கம் எங்கேயோ இருக்கிறார். சமையல்காரர் போய் நாலு மாசம். இதெல்லாம் தெரிந்தும் முருகதாஸ் போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டு ஐந்து தடவையும் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீயாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இன்றைக்குப் பத்து மணிக்குப் போய் இறங்கினேன். அந்தப் பழைய கண்டக்டர் காக்கிச் சட்டை கிழியாமல் கிடக்கிறதே என்று போட்டுக்கொண்டு போனது என் தப்பு, அதை அப்புறம் பார். முருகதாஸ் மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லையாம், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "சாரே, கேஸ் இப்பம் தீந்துரும், பையனுவளுக்குச் சோறு பொங்கணும். பத்து மினிட்டு நில்லுங்க, சிலிண்டர் எடுத்துட்டு ஓடி வந்திருதேன்" என்று கேட் சாவியை என் கையில் வைத்துவிட்டு, நான் சரி என்பதற்குள் ஸ்கூட்டரில் பறந்துவிட்டான். உள்ளே பதினேழு பையன்கள், நான், காற்று. நான் என்ன செய்வேன், பழைய விசில் பையில் இருந்தது, ஊதினேன். எல்லாரும் ஒழுங்காக வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். நம்ம பேரன் வயதுப் பிள்ளைகள், நேசம்.

இதில் ஒருவனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பெயர் எழுதக் கூடாது என்பது சட்டம், எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான், ஆகையால் பதினேழாம் சீட் என்று வைத்துக்கொள். பைக் எடுத்த கேஸ், அம்மா குளச்சலில் மீன் விற்கிறவள். நாளைக் காலையில் இளைஞர் நீதிக் குழுமத்தில் அவனுக்கு விசாரணை. இல்லத்திலிருந்து போகிற அறிக்கை சுத்தமாக இருந்தால் அம்மாவோடு அனுப்பிவிடுவார்கள். 'தப்பி ஓடினான்' என்று ஒரு வரி விழுந்தால் அவ்வளவுதான். சமையல்காரர் போனதிலிருந்து சமையலும் அவன்தான், வராந்தாவில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான். பிள்ளைகளை வேலை வாங்கக் கூடாது என்று முருகதாஸுக்குத் தெரியும். ஆனால் முருகதாஸ் சமைத்தால் யாரும் சாப்பிட முடியாது என்பது பையன்களுக்கும் தெரியும்.

பத்து மினிட்டு அரை மணி நேரமாயிற்று. ஜீப் ஒன்று வந்து நின்றது. சென்னையிலிருந்து சொல்லாமல் வந்த ஆய்வுக் குழு, மூன்று பேர், தலைமை சபிதா என்று ஒரு மேடம். கையில் பேடு. அந்தப் பேடைப் பார்த்ததும் எனக்கு முப்பத்துமூன்று வருஷமும் திரும்பி வந்துவிட்டது. "நீங்கதான் டியூட்டியா?" என்றார். நெஞ்சை நிமிர்த்தி, "ஆமா மேடம், டியூட்டியாக்கும்" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிற்று, நான் சொல்லவில்லை. உடனே "எத்தனை பசங்க?" என்றார். பதினேழு என்றேன். காக்கிச் சட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

நேரே சமையலறைக்குப் போனார். அங்கே பதினேழாம் சீட் ஏப்ரன் கட்டி, தலையில் துண்டு சுற்றி, தீரப்போகிற கேஸில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தான். பையன் நல்ல உயரம், மீசை வேறு. "எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். "நாலு மாசம் மேடம்" என்றான். அது உண்மைதானே. "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லி, சமையலர் ஒன்று என்று எழுதிவிட்டு வராந்தாவுக்கு வந்து தலைகளை எண்ணினார். பதினாறு. மறுபடி எண்ணினார். பதினாறு. "ஒரு பையன் இல்லை" என்று சொல்லிப் போனை எடுத்து போலீஸுக்கு நம்பர் தேட ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. சமையல்காரர்தான் அந்தப் பையன் என்று சொன்னால் பிள்ளையை வேலை வாங்கியதற்கு முருகதாஸ் வேலை போகும். சொல்லாவிட்டால் பையன் ஓடிவிட்டான் என்றாகிவிடும். என் வாய் திறக்கவில்லை, நேசம். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. டிக்கெட் ஒன்று குறைந்து பிடிபட்ட பழைய நாள் மாதிரி சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன். பதினாறு பையன்களும் என்னையே பார்க்கிறார்கள், ஒருத்தனும் காட்டிக்கொடுக்கவில்லை. பதினேழாம் சீட்தான் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வந்து, வரிசையில் கடைசியாக உட்கார்ந்தான். "நானாக்கும் மேடம். போலீஸுக்கு விளிக்காண்டாம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்போ சமையல்காரர் எங்கே?" இல்லை மேடம். "காவலாளி?" சிலிண்டர் எடுக்கப் போயிருக்கிறான் மேடம். "அப்போ நீங்க யாரு?" நான் சொன்னேன், "நானும் உங்களைப் போல செக்கிங்தான் மேடம்." மற்ற இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. பதிவேட்டை எடுக்கச் சொன்னார். ஐந்து 'திருப்தி', ஐந்து கையெழுத்து. "இது உங்களுதா சார்? நீங்க திருப்தின்னு எழுதினா மேல இருக்கவங்க எதுக்கு ஆள் போடுவாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

பிறகு பையனிடம், "சமையலறைக்குப் பின்கதவு உண்டா?" என்றார். "உண்டு மேடம். தாழ்ப்பாள் கெடையாது, காத்துல பறந்துட்டு." நாலு மாசமாகவா என்றார். ஆமாம் என்றான். "அப்போ நீ ஏன் போகல?" பையன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "எந்நேரமும் அடுப்புல ஏதாவது இருக்கும் மேடம். போட்டுட்டுப் போனா அடிபிடிச்சிரும்லா."

அதற்குள் முருகதாஸ் சிலிண்டரோடு வந்து, ஜீப்பைப் பார்த்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் பேனாவை வாங்கினேன். ஆறாவது அறிக்கை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பதினோரு பேர் வேலைக்கு ஒரே ஆள், அவன் மூன்று நாளாக உறங்கவில்லை, சாவியை வாங்கிக்கொண்ட குற்றம் என்னுடையது, இந்தப் பையன் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பக்கத்தில் நாலு மாசம் நின்றும் போகாதவன், முன்னே எழுதிய ஐந்தும் பொய் என்று. மேடம் வாசித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். நகலை நாளைக்குக் குழுமத்தில் தானே கொடுப்பதாகச் சொன்னார். முருகதாஸ் விஷயம் என்னவாகுமோ தெரியாது. ஜீப்பை அனுப்பிவிட்டு, முருகதாஸ் சிலிண்டர் மாட்ட உள்ளே போனதும், விட்டால் போதும் என்று நானும் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஆகையால் தங்கச்சி, எனக்கு இந்தச் செக்கிங் வேலை வேண்டாம். பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் அதற்கு லாயக்கில்லை. ராஜினாமா ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், உன் தலைமையாசிரியை இங்கிலீஷில் மாற்றி அனுப்பிவிடு. இனி அந்தக் கேட்டை நான் மிதிப்பதில்லை. உன் வீட்டில் சமாதானமும் என் வீட்டில் உறக்கமும் நிலைக்க ஆண்டவர் அருள் செய்வாராக. மாப்பிள்ளைக்கு என் தோத்திரம் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
யேசுரத்தினம்

பி.கு.: பஸ் ஸ்டாண்டில் நின்று எழுதுகிறேன். முருகதாஸ் இப்போதுதான் போன் செய்தான். "சாரே, கேட் சாவி உங்க கையிலயா?" சட்டைப்பையில் இருக்கிறது. கடைசி ஆளாக இறங்கினால் கதவைச் சாத்துகிற பழக்கத்தில், அத்தனை பேரையும் உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். மாற்றுச் சாவி திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற கண்காணிப்பாளர் பீரோவில். நாளைக் காலை எட்டு மணிக்குப் பையனைக் கூட்டிப்போக ஆள் வரும். "பின்கதவு வழியா கூட்டிட்டுப் போலாமேடா"ன்னு கேட்டேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் சாரே. மாட்டேங்கான். போனா முன்கேட் வழியாத்தான் போவேன்னு நிக்கான்" என்றான். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடு. ஆறு மணி வண்டிக்கு நிற்கிறேன், இங்கேயே கடையில் ஒரு பாயும் வாங்கிக்கொண்டேன். முருகதாஸ் இன்றைக்காவது உறங்கட்டும்.