இன்னும் ஒரே ஒரு முக்கு

உலகத்தில் ‘ஒரே ஒரு முக்கு’க்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. முடிந்த வேலையை முடிந்தது என்று ஒப்புக்கொண்டால் நாக்கு வெந்துவிடும் என்று நம்புகிறவர்கள். இந்த அக்கா அந்த இனத்துக்கே தலைவி. பொம்மை செய்கிறவள், பொம்மைக்குத் துணி தேடி எடுத்துச் சாயத்தில் முக்குகிறவள்.

கேலி செய்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவன் கேட்பான். அவள் தங்கை முதன்முதலாக வேலைக்குப் போன நாளில், இருந்த ஒரே கறுப்புப் பாவாடையும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது கொடியில் காக்கை நிறத்தில் தொங்குகிறது.

“என்னக்கா பண்ணின?”

“தூசி தட்டினேன்.”

அவ்வளவுதான் பேச்சு. தூசி தட்டிய கை ஒரு வாரத்துக்குக் கறுப்பாகவே இருந்தது.

அதே நல்ல கைதான் இப்போது தங்கையின் உயிரை எடுத்தது. தங்கை வீட்டுக்காரருக்கு வேற்றூருக்கு மாற்றல். வெள்ளிக்கிழமை காலை சாமான் லாரி. போன வருஷம் இறந்துபோன அம்மா, சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் ஒரே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு உழைத்தவள். அந்தக் கோட்டில் மிஞ்சியது உள்ளங்கை அகலப் பாக்கெட் ஒன்றுதான். “அம்மாவையே பொம்மையாப் பண்ணித் தரேன், புது வீட்டுல உன்கூட இருக்கட்டும்” என்றாள் அக்கா. சொன்னபடி நாலே நாளில் முகம், முடி, கை, கால் எல்லாம் தயார். ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோட்டுதான் பாக்கி.

பொம்மை ஒரு முழம். துணிக்கு அலைந்த கடை ஒன்பது. ஒன்று பலகை மாதிரி விறைத்து நிற்கும், ஒன்று நனைந்த காகிதம் மாதிரி ஒட்டும், ஒன்று பாலியஸ்டர், தலைகீழாக நின்றாலும் சாயம் பிடிக்காது. கடைக்காரர் நாலு தட்டுத் துணியை இறக்கிப் போட்டுவிட்டு, “எத்தனை மீட்டர்மா?” என்றால், “ஒரு சாண்” என்பாள். மூன்றாம் முறை அவள் தலை தெரிந்ததுமே அவருக்குப் பசி வந்து, கடையைச் சாத்திவிட்டார். கடைசியில் சரியான துணி வீட்டிலேயே இருந்தது. புருஷன் தலைக்கடியில். பத்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பருத்தித் தலையணை உறை. ஏழு துண்டாக வெட்டினாள். அவர் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு முக்கினாள். ஆண்டவன் வானத்துக்கு நீலம் பூசினான். பூசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான். அக்காவிடம் விட்டிருந்தால் நமக்கு இன்றுவரை வானம் கிடைத்திருக்காது, கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். முதல் துண்டு வெளிறல் என்று அடுப்புத் துடைக்கப் போயிற்று. இரண்டாவதும் வெளிறல். ஈரத்தில் நிறம் ஏறித் தெரியும், காய்ந்தால் இறங்கிவிடும் அல்லவா? அதனால் அக்கா புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள்: சாயத்துணியை அலசிய வாளியிலேயே அம்மாவின் பாக்கெட்டையும் நனைத்து, ஈரத்தோடு ஈரமாக வைத்து ஒப்பிட்டாள். ஒவ்வொரு முக்குக்கும் ஒரு நனைப்பு.

வியாழக்கிழமை தங்கை வந்தபோது வாசலிலேயே அக்கா புருஷன் தடுத்தார். “யோசிச்சு உள்ள போம்மா. நேத்து பல் தேய்க்கிற டம்ளர் நீலம். இன்னிக்குப் பல்லே நீலம்.”

அக்கா ஆறாவது துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, லாரி காலையில எட்டு மணிக்கு.”

“இன்னும் வெளிறலாத்தான்டி இருக்கு. பாக்கெட்டைப் பாரு, எவ்வளவு அழுத்தம். ஒரே ஒரு முக்கு.”

தங்கை பாக்கெட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். மை கொட்டியது போல இருந்தது.

“ஏன்க்கா, முப்பது வருஷம் வெளுத்த துணி இப்படியா இருக்கும்?”

பிளேடை எடுத்து ஓரத் தையலைப் பிரித்தாள். சாயம் எட்டாத மடிப்புக்குள் ஒரு விரல் அகலத்துக்கு அம்மாவின் நீலம், விடிகாலை வெளிச்சம் மாதிரி வெளிறிப்போய் இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தான் துரத்திய நிறத்துக்குத் தானே சாயம் ஏற்றி ஏற்றி ஓட விட்டிருக்கிறாள். “அம்மாவோடதுன்னு இருந்தது இது ஒண்ணுதான். நானே கெடுத்துட்டேனே.” அப்போது மட்டும்தான் அவள் இன்னொரு முக்கு கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் ஒரு நீலக் கந்தலால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், கையை அசைக்காதீங்க.”

அவர் பயந்துபோய் நின்றார். தங்கை அந்தக் கந்தலை வாங்கி மடிப்போடு வைத்தாள். நூல் அளவும் பேதமில்லை. முதல் முக்குத் துண்டு.

“எண்ணெய்க் கறை இருக்கேடி.”

“அம்மா கோட்டுல என்னிக்குக் கறை இல்லாம இருந்துச்சு?”

தங்கையே அலசிக் காயவைத்து வெட்டினாள். தைக்க மட்டும் அக்காவை விட்டாள். அதுவும் வாளிகளையெல்லாம் கவிழ்த்து வைத்த பிறகு. பாக்கெட்டின் வெளிறிய ஓரம் பொம்மைக் கோட்டுக்குப் பாக்கெட் ஆயிற்று.

சிரித்தது போதும். சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா என்று ஐந்தாம் முறை எழுந்துபோனவர் யார்? சரியாக இருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பாமலே விட்டவர் யார்? நகக்கண்ணை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், நீலம் இருக்கப்போகிறது.

காலை எட்டு மணிக்கு லாரி கிளம்பியது. முன்சீட்டில் தங்கை, மடியில் அம்மா, கறையோடு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு ஜன்னலுக்குள் கையை நீட்டி, கோட்டின் காலரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லாத்தான்டி வந்திருக்கு. காலர் மட்டும் கொஞ்சம் வெளிறல். அடுத்த தடவை வரப்போ எடுத்துட்டு வா, ஒரே ஒரு முக்கு.”