அந்த இரண்டு பேரையும் பிரித்துக் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போட்டுக்கொடுத்த மென்பொருளைப் பற்றிய விஷயம் இது. கட்டற்ற மென்பொருள் என்று நீ சொன்னபோது, கட்டணம் இல்லாதது என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டுப்பாடும் இல்லாதது என்று பிறகுதான் தெரிந்தது. கோளாறு என்றால் யாரைத் திட்டுவது என்று பார்த்தால், அதற்கு முதலாளியே கிடையாதாம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதியதாம். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத பொருளை உள்ளே விட்டது முதல் தப்பு என்கிறார் உன் அத்தான்.

எங்கள் கல்லூரியில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இரண்டு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வரலாறு, மற்றவர் இயற்பியல். வரலாற்றுக்காரருக்கு வந்த பதவி உயர்வுக் கடிதம் ஒரு முறை இயற்பியல்காரர் கைக்குப் போய், அவர் துறை முழுக்க இனிப்புக் கொடுத்து, புதுச் சட்டையும் தைத்துக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அன்றைக்கு நின்றது பேச்சு. ஒருவர் இடதுபக்கப் படியில் ஏறினால் மற்றவர் வலதுபக்கம் சுற்றிக்கொண்டு வருவார். இதெல்லாம் தெரியாத உன் மென்பொருள், உறுப்பினர்களை ஏற்றும்போது, இந்த இருவரும் ஒரே ஆள் போலிருக்கிறதே, சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறது. நீ உள்ளறையிலிருந்து, "அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்று குரல் கொடுத்தாய். மின்விசிறிச் சுவிட்சைக் கேட்கிறாய் என்று நினைத்து, "ஒண்ணுதான், எதை வேணா அமுக்கு" என்றேன். அமுக்கிவிட்டு நீ ரயிலுக்குப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் வரலாற்றுக்காரர் கேட்ட புத்தகம் இயற்பியல்காரர் மேசைக்குப் போனது. அதைக்கூட ஆள் விட்டு மாற்றிச் சமாளித்தேன். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்து ஓரத்தில் குறிப்பு எழுதுகிற பகுதி ஒன்று இருக்கிறதே, அதுவும் இருவருக்கும் ஒன்றாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. வரலாற்றுக்காரர் ஒரு பழைய பஞ்சத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 'மூன்று ஆண்டுகள் மழை இல்லை' என்று அவர் குறித்துவைத்த இடத்தில் மறுநாள், 'மழை பெய்தது, தவறான மாதத்தில் பெய்தது' என்று இருந்திருக்கிறது. நேரே என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க மென்பொருள் என்னை எதிர்த்துப் பேசுது."

"அப்படியா சார்? என்ன சொல்லுது?"

"சொல்றது சரியாத்தான் இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு."

அவர் போன கொஞ்ச நேரத்தில் இயற்பியல்காரர் வந்து, இந்த மென்பொருளுக்கு வரலாற்று அறிவு அபாரம், வாக்கியப் பிழையைக்கூடத் திருத்துகிறது, எழுதியவர்களுக்குப் பாராட்டு அனுப்ப வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர் எழுதுவதை அவரும் அவர் எழுதுவதை இவரும் மென்பொருள் எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இருவரும் முதல்வரிடம் போவார்கள், மென்பொருளோடு என்னையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். இதைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். முகம் தெரியாத பலர் மிக மரியாதையாகப் பதில் எழுதினார்கள். சேர்ப்பது சுலபம், சேர்த்ததைப் பிரிக்க வழியில்லை என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. போன வாரம் வரலாற்றுக்காரர் ஓரக் குறிப்பில் ஆதாரம் கேட்டிருக்கிறார். 'என் அறையில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்' என்று பதில் வந்திருக்கிறது.

"மேடம், மென்பொருளுக்கு அறை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து இயற்பியல்காரரும் புத்தகம் திருப்பித் தர வந்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுவிட்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் இயற்பியல்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அந்த ஏரி நிரம்பியும் பயிர் கருகின கதை, நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சு."

"உங்க மழைக் கணக்குல ரெண்டாம் வருஷம் உதைக்குது."

"எங்க உதைக்குது? காட்டுங்க."

உட்கார்ந்தார்கள் தம்பி. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் உட்காருகிறார்கள். அமைதி காக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கும் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து, பஞ்சமா மழையா என்று தொண்டை கிழிய வாதம் செய்கிறார்கள். படிக்கிற மாணவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் உஷ் என்றால் இருவரும் ஒன்றாகத் திரும்பி, "ஒரு நிமிஷம் மேடம்" என்கிறார்கள். முதல்வர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, இதை உடனே சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே நீ இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வந்து, நீ சேர்த்த அந்த இருவரையும் நீயே பிரித்துக் கொடுக்க வேண்டும். சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம்.

குழந்தைக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் அன்பு. நீ எல்லா நலமும் பெற்று, இனி எதையும் அமுக்குவதற்கு முன் நேரில் வந்து கேட்கும் புத்தியும் பெற்று வாழ்க.

அன்புடன்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குழுவிலிருந்து இன்னொருவர் பதில் அனுப்பியிருந்தார். பிரிக்க வழி இருக்கிறதாம், விவரமாக எழுதியிருக்கிறார். சுலபம்தான், எனக்கே புரிந்தது. படித்துவிட்டு அழித்துவிட்டேன். முதல்வர் உனக்குப் போன் செய்தால் முடியவே முடியாது என்று சொல்லிவிடு.