அப்பா இருக்கும்வரை மீசை

மீசை வைத்திருப்பவன் தண்ணீருக்கு அடியில் போகக்கூடாது. எந்தச் சாத்திரமும் இதைச் சொல்லவில்லை. பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது. சுவிஸில் பீல் நகரத்தில், தண்ணீர் புகாத கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. மணிக்கூட்டுக்குள் ஒரு துளி ஈரம் போனாலும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். (அப்படிப்பட்டவனின் முகமூடிக்குள் ஒரு ஏரியே புகுந்த கதை இது.) அங்கே எஞ்சினியராக இருந்த கார்த்திக், கோயம்புத்தூர்ப் பிள்ளை, விடுமுறை நாட்களில் முகமூடியும் காற்றுக் குடுவையும் மாட்டிக்கொண்டு ஏரிகளின் அடிவரை சுழியோடுவான். ஒருநாள் கோப்பி குடிக்கும்போது, "நான் திருகோணமலையான், கடலுக்குள்ளதான் வளர்ந்தனான்" என்று அவனிடம் அளந்துவிட்டேன். உண்மையில் அந்தக் கடல் என் முழங்காலுக்கு மேல் என்னை அறியாது. தவளை தன் வாயால் கெட்டது. அவன் நம்பி என்னையும் பயிற்சியில் சேர்த்துவிட்டான்.

கோடையில், ஆழமில்லாத இடத்தில், எப்படியோ சமாளித்தேன். குளிர் தொடங்கியதும் போடன் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். அதன் அடியில், பனிமூட்டத்தில் இன்னொரு கப்பல் இடித்து மூழ்கிய பழைய நீராவிக் கப்பல் ஒன்று, நூறு வருடத்துக்கும் மேலாகக் கிடக்கிறது. ஆழம் நாற்பது மீற்றருக்குக் கிட்ட.

படகில் வைத்துக் கார்த்திக் என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, அந்த மீசைய எடுத்துடுங்களேன். மாஸ்க் சரியா ஒட்டவே மாட்டேங்குது. அடியில தண்ணி நாலு டிகிரி."

"அப்பா உயிரோட இருக்கேக்க மகன் மீசை எடுக்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

"இங்க வந்துமா இதெல்லாம் பாக்குறீங்க?"

"அவர் நெஞ்சு வருத்தக்காரன் தம்பி. நான் இஞ்ச வழிக்க, அங்க ஏதும் நடந்தால்?"

அவன் பெருமூச்சு விட்டு வாஸ்லின் டப்பாவை நீட்டினான். மீசைக்கு அப்பினேன். எங்களைக் கூட்டிவந்த உர்ஸ் என்ற சுவிஸ்காரர் கடைசியாக ஒன்று சொன்னார்: என்ன நடந்தாலும் மேலே பாயாதே, நுரையீரல் வெடித்துவிடும். அதுவரை எனக்கிருந்தது சாதாரணப் பயம்.

மிதவையிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பச்சை நிறம் பழுப்பானது, பழுப்பு கறுத்தது. பிறகு என் விளக்குப் பட்ட இடம் தவிர உலகமே இல்லை. உதடு மரத்துப் போனது. என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாரோ பின்னால் நின்று விடுவதுபோலக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

திடீரென்று வெளிச்சத்தில் ஒரு பெரிய இரும்புச் சில்லு எழுந்து நின்றது. கப்பலின் பக்கச் சில்லு, தண்ணீரைத் தள்ளும் சக்கரம். இருட்டில் அது சுழலத் தொடங்கிவிடும் என்று நான் சத்தியமாக நம்பினேன். வாய் இறுகி, மீசை மேலே ஏறியது. மீசைக்கும் முகமூடிக்கும் நடுவே விழுந்த இடைவெளியால் பனிக்கட்டித் தண்ணீர் ஊசியாக மூக்குக்குள் போனது.

படித்தபடி மூக்கால் ஊதி வெளியேற்றினேன். திரும்ப நிரம்பியது. ஊதினேன். நிரம்பியது. கண்வரை வந்ததும் இறுக மூடிக்கொண்டேன். கப்பலின் கம்பி ஒன்று கையில் பட்டது. அதை விடவே இல்லை. மேலே பாய்ந்தாலும் சாவு, நின்றாலும் சாவு. அந்தக் குருட்டு இருட்டில்தான் விளங்கியது: அப்பாவைக் காப்பாற்ற வைத்திருந்த மீசை மகனுக்கு அப்பாவைக் கொண்டு கொள்ளி வைப்பிக்கப் போகிறது. நெஞ்சு வருத்தக்கார மனிதர், எப்படித் தாங்குவார்? முகமூடிக்குள்ளேயே அழுதேன். (ஏற்கனவே நிரம்பியிருந்தபடியால் வித்தியாசம் தெரியவில்லை.)

ஒரு கை என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தது. கார்த்திக். என் பட்டியைப் பிடித்து, ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி, மேலே கொண்டுவந்தான். வெளிச்சம் வந்த பிறகும் நான் கண் திறக்கவில்லை.

மதியம் கரையோரமாக, ஆழமில்லாத இடத்தில், இன்னொரு தடவை இறங்க ஏற்பாடு. எல்லோர் முன்னாலும் மானம் போகப் போகிறதே! ஓய்வறைக்குப் போய்க் கார்த்திக்கின் ரேசரை வாங்கி மீசையை வழித்தேன். வீரனாக வந்து தண்ணீர் விளிம்பில் நின்றேன். கால் நகரவில்லை. உர்ஸ் எனக்கு ஒரு சூப் வாங்கித் தந்து காருக்குள் இருத்தினார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். எனக்குக் கூழ் கிடைத்தது, மீசை போயிற்று.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கதவைத் திறந்தாள் மனைவி சுகந்தி. வழித்த முகம், அழுது சிவந்த கண். கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"ஐயோ மாமா! எங்கள விட்டிட்டுப் போட்டியளே!"

"இல்லையடி, நான் ஏரிக்குள்ள..." என்று தொடங்கினேன். அதற்குள் அவள் ஊருக்கு ரெலிபோன் எடுத்துவிட்டாள். மறுமுனையில் எடுத்த ஆளைக் கேட்காமலே, "மாமி, தெய்வம் மாதிரி மனிசன், இப்பிடிப் போட்டாரே!" என்று ஒப்பாரி வைத்தாள்.

ரெலிபோனுக்கு வெளியிலும் கேட்டது என் அப்பாவின் குரல்.

"ஆர் பிள்ளை போனது?"

"மாமா... நீங்களோ?"

"ஓம், நான்தான். போனது ஆரெண்டு சொல்லு, செத்தவீட்டுக்குப் போகவேணும்."

அப்பா இன்னும் இருக்கிறார். இப்போது கைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறோம். எப்படியிருக்கிறாய் என்று அவர் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கக் காத்திருக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மேலுதட்டைத்தான் பார்ப்பார்.

"மீசை இருக்கு. அப்ப நானும் இருக்கிறன்."