பிக்கப் வாங்கப்போகிறவர்

கிதார் வாசிப்பவர்கள் ஒரு ரகம். கிதார் வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவரைத்தான் இன்று உங்கள் முன்னால் நிறுத்தப்போகிறேன். அவர் கிதாருக்குப் பிக்கப் வாங்கப்போகிறவர். கவனியுங்கள், வாங்கியவர் அல்ல. வாங்குகிறவரும் அல்ல. வாங்கப்போகிறவர்.

கிதாரின் வயிற்றில் வட்டமாக ஒரு துளை இருக்கிறதல்லவா, அதன் வாயில் குறுக்காகக் கவ்வவைக்கும் சின்னப் பட்டைதான் பிக்கப். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கொஞ்சம் செப்புக்கம்பி, வெளியே ஒரு வயர். தந்தி அதிர்ந்தால் இது உணர்ந்து ஒலிபெருக்கிக்குச் சொல்லும். இரண்டே திருகு. ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் காபி ஆறுவதற்குள் மாட்டிவிடுவார்கள். நம்மவர் மூன்று வருடமாகியும் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கப் பெட்டி வேண்டுமே!

டோக்கியோவில் எங்கள் கடைத்தெருவில், ரயில்வே கேட்டுக்கும் மீன்கடைக்கும் நடுவில், நான் காபிக்கடை நடத்துகிறேன். இந்த ரகத்தை அடையாளம் காண எனக்கு ஒரு காபி போதும். அவர் வாங்கும் ஒரு காபி கடை சாத்தும்வரை வரும். காதில் இயர்போன் இருக்கும். போனில் யாரோ ஒரு தாடிக்காரர் ஒரே மெட்டை எட்டு பிக்கப்பில் எட்டு தடவை வாசிப்பார். நம்மவர் கண்ணை மூடுவார், புருவத்தைச் சுருக்குவார், விரலால் மேசையைத் தொட்டு ஏதோ நாடி பார்ப்பார், நாலாவது பிக்கப் வந்ததும் முகம் கோணி, "நடுவுல கொஞ்சம் மூக்கடைப்பு இருக்கு" என்பார். யாருக்கு என்று முதல் தடவை நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பதில் ஒரு மணி நேரம் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

உதாரணத்துக்கு எங்கள் குவாபாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்தில் கழிவுநீர்ப் பிரிவு, நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. நல்ல மனிதர். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று வீட்டில் படுக்கை மடித்துவைக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் கிதாரைத் தொடுவார். அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத அந்த வாசிப்பு ஊருக்கே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் பிக்கப் தேடுகிறார் என்பதை நான் அவரிடம் சுட்டிக்காட்டியதில்லை. காபி வாங்குகிற மனிதரை ஏன் நோகடிக்க வேண்டும்?

அவருக்கு வேண்டியது கைக்கு அடக்கமான விலையில் ஒன்று. கடையில் அப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. ஆனால் மலிவானதைக் கண்டால், "இவ்வளவு மலிவா குடுக்கறான்னா உள்ள எங்கயோ கை வச்சிருக்கான்" என்பார். விலை கூடினால், "பேருக்குக் காசு புடுங்கறான்." நடுவாந்தரமாக ஒன்றை நீட்டினால் அதைவிட மோசம்: "அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல." இந்த மூன்றுக்கும் தப்பிய விலையை இன்னும் எந்த நாட்டிலும் அச்சடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலேறி ஒச்சானோமிசுவுக்குப் போய்விடுவார். அந்தச் சரிவுத் தெருவில் கிதார் கடையைத் தவிர வேறு கடை இருந்தால் அது வழிதவறி வந்ததாக இருக்கும். அங்கே நாகுமோ என்று ஒரு விற்பனையாளர், பாவம், பூர்வஜென்மத்தில் யாருக்கு என்ன செய்தாரோ. குவாபாரா நுழைந்ததும் கடைக் கிதார் ஒன்றை எடுத்துச் சுதி சேர்த்து, பெல்ட் பக்கிள் கீறாமல் இருக்க அவர் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, கேட்ட பிக்கப்பை மாட்டி, இரண்டு கையாலும் நீட்டி, மண்டியிட்டுக் காத்திருப்பார். கடையில் சத்தமாக வாசிப்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன் என்பது எங்கள் ஊர் எண்ணம். ஆகவே குவாபாரா முதுகைக் கூனிக்கொண்டு, திருட்டுச்சாவி போடுகிறவர் மாதிரி, அதே நாலு கார்டுகளை, அதாவது பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கும் சுரக்கூட்டுகளை, மெல்ல மெல்லத் தொடுவார். நாலும் முடிந்ததும் பெருமூச்சு. பிறகு, "கொஞ்சம் யோசிச்சிட்டு வர்றேன்."

எங்கள் ஊரில் இதற்கு "வேண்டாம்" என்று பொருள். முகத்தில் அடித்தாற்போல் மறுக்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள். கடைக்காரர் வணங்கிப் பொருளை உள்ளே வைத்துவிட்டு அந்த முகத்தை மறந்துவிடுவார். இந்த நாகரிகத்தில்தான் ஊரே நடக்கிறது. குவாபாரா என்ன செய்வார் தெரியுமா? உண்மையாகவே யோசிப்பார்! திங்கள் முதல் சனிவரை யோசித்து, அடுத்த ஞாயிறு கடை திறக்கும்போது வாசலில் நிற்பார்.

"யோசிச்சேன் நாகுமோ சான்."

"அப்படிங்களா... என்ன முடிவு பண்ணீங்க?"

"அந்தக் கறுப்பு இருக்குல்ல, அதுல காத்து வருது. ஆனா மரம் பேசல."

"மரம்..."

"பேசல. பேட்டரி போட்டது ஒண்ணு இருந்துச்சே, அத இன்னொரு தரம் பாக்கலாமா?"

"அதப் போன வாரமும், அதுக்கு முந்தின வாரமும் பாத்தோமே, சார்."

"அப்போ எனக்கு லேசா ஜலதோஷம். காது சரியில்ல."

நாகுமோ உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாராம்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் சேதமில்லை. நடுவில் சுமிரே வந்தார். எனக்குப் பக்கத்து மீன்கடை அவருடையதுதான். கணவர் விட்டுப்போன கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறார், பாடவும் செய்வார். போன வருடம் கடைத்தெருவின் கோடை விழாவில் அவர் பாட, குவாபாரா பக்கத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்தார். வாசித்தார் என்பது நம்பிக்கை. எதிரே யாகிசோபா நூடுல்ஸ் வறுக்கிற தட்டு, பின்னால் மேளம், மரத்தில் சில்வண்டு. கிதாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் என்னிடம் வந்து, அந்த அம்மா பக்கத்தில் ஒருவர் எதற்குக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்தார்.

இந்த வருட விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ரப்பர் பூட்ஸும் ஈர ஏப்ரனுமாக சுமிரே என் கடைக்குள் வந்து குவாபாராவின் எதிரே உட்கார்ந்தார்.

"பிக்கப் வாங்கியாச்சா?"

"ரெண்டுல வந்து நிக்குது சுமிரே சான்."

"போன வருஷம் மூணுன்னு சொன்னீங்க."

"நடுவுல பதினாலு ஆச்சு. அங்கிருந்து ரெண்டுக்குக் கொண்டு வந்திருக்கேன்."

"இங்க பாருங்க. கடைத்தெரு சங்கத்துல கரோக்கே மெஷின் தர்றேங்கறாங்க. இந்தத் தடவையும் உங்க கிதார் கேக்கலன்னா, அடுத்த வருஷத்துலேருந்து எனக்கு அந்த மெஷின் போதும்."

குவாபாரா கோப்பையை வைத்த சத்தத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுமிரே பக்கத்தில் அந்த மடக்கு நாற்காலியில் உட்காருகிற அரை மணி நேரத்துக்காகத்தான் அந்த மனிதர் வருடம் முழுக்கக் கழிவுநீரைச் சகித்துக்கொள்கிறார். சொல்லத் தைரியமில்லை; அவ்வளவுதான். எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

"யோசிச்சு..." என்று ஆரம்பித்தார்.

"எழுந்திருங்க" என்றார் சுமிரே.

பூட்ஸோடு ரயிலேறி, பூட்ஸோடு கடைக்குள் நுழைந்தாராம். நாகுமோவே பிறகொருநாள் எனக்குச் சொன்னது இது.

"தம்பி, இவரு அதிகமா எதத் தொட்டுப் பாத்தாரு?"

"இந்தக் கறுப்புங்க, மேடம்."

"நாறுதா? அழுகிருச்சா?"

"இல்லங்க, நல்ல சரக்கு."

"கட்டுங்க."

குவாபாரா வாயைத் திறந்து மூடுவதற்குள் பில் போட்டாகிவிட்டது. நாகுமோ தெருமுனைவரை கூடவே வந்து, இடுப்பு ஒடியும்படி குனிந்து வழியனுப்பினார். ரயிலில் திரும்பும்போது நம்மவர் பையை மடியில் வைத்துக்கொண்டு போனில் என்ன பார்த்தார் என்கிறீர்கள்? வாங்கிய அதே பிக்கப்பைப் பற்றி யார் யார் என்னென்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்று.

விழா அன்று மாலை. மேடைக்கு எதிரே சங்கத்துப் பெரியவர்கள் நடன உடையில் வட்டமாக நின்றார்கள். மின்சாதனக் கடை இசோபே ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு. குவாபாரா வயரை நீட்டியபடி, "முதல்ல கொஞ்சம் அடக்கமா வைங்க, இது ரொம்ப நுணுக்கமான ஜாதி" என்று எச்சரித்தார். இசோபே வயரைச் செருகினார். குவாபாரா கம்பீரமாக ஒரு இழு இழுத்தார்.

சத்தமே இல்லை.

"கொஞ்சம் ஏத்துங்க."

இசோபே ஏற்றினார். வயரை மாற்றினார். முழுக்கத் திருகினார். பிக்கப்பை விரலால் தட்டினால் மட்டும் இடி இடித்தது. பக்கத்துத் தெருவில் தூங்குகிற குழந்தைகளெல்லாம் அழுதிருக்கும். தந்தியைத் தொட்டால் மூச்சில்லை.

குவாபாரா தன் கிதாரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தந்தி ஒன்றை விரலால் தடவினார்.

"நைலான்" என்றார் மெதுவாக.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் நர்ஸ் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அந்த அம்மா தூக்கம் கெடக்கூடாதென்று குவாபாரா என்றோ எஃகுத் தந்திகளைக் கழற்றிவிட்டுச் சத்தம் குறைந்த நைலான் தந்திகளைப் போட்டிருக்கிறார். காந்தத்துக்கு எஃகுதான் தெரியும். நைலானை அது ஏறெடுத்தும் பார்க்காது. தடித்த தந்திகளின் மேல் சுற்றிய செம்பையும் மதிக்காது. கடையில் அவர் வாசித்ததெல்லாம் கடைக் கிதார். வீட்டில் பிக்கப்பை மாட்டினார், துடைத்தார், அழகு பார்த்தார். நர்ஸ் எழுந்துவிடுவாரே என்று ஒலிபெருக்கியில் மட்டும் செருகிப் பார்க்கவில்லை. எந்த நாட்டுக் காந்தம் எந்த வருடத்தில் எப்படி மாறியது என்று மூன்று வருடம் எனக்குப் பாடம் எடுத்த மனிதர்!

இசோபே கரோக்கே மெஷின் பக்கம் திரும்பினார். குவாபாரா எழுந்துகொள்ள நாற்காலியில் கையை ஊன்றினார். அந்தக் கண்களைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சுமிரே தன் முன்னாலிருந்த ஒரே மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி, குவாபாராவின் மடிக்கு எதிரே, கிதாரின் துளைக்கு நேராக, ணங்கென்று வைத்தார்.

"உக்காருங்க. வாசிங்க."

"அப்போ உங்களுக்கு மைக்?"

"நான் தினமும் ரயில் போற சத்தத்துக்கு மேல கானாங்கெளுத்தி விக்கறவ."

பாடினார். மேளக்காரர் கோலை இறக்கிவிட்டு வாய்பிளந்தார். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் முதன்முதலாகக் குவாபாராவின் கிதாரும் கேட்டது. தெளிவாக, கணீரென்று, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, ரயில்வே கேட் தாண்டியும் கேட்டது. அப்போதுதான் கடைத்தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒரு உண்மை விளங்கிற்று.

மனிதருக்கு வாசிக்க வராது!

கடையில் வாசித்த நாலு கார்டுகளும் பிசகாமல் வந்தன. ஆனால் பாட்டில் ஐந்தாவது ஒன்று இருந்தது. அது வரும்போதெல்லாம் இடதுகை விரல்கள் வீடு தெரியாத விருந்தாளிகளாக அலைந்தன. சுமிரே விடவில்லை. அந்த இடம் வந்ததும் சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார், வட்டமாக ஆடிய பெரியவர்கள் தூக்கிய காலைத் தூக்கியபடி காத்திருப்பார்கள், ஐந்தாவது கார்டு ஒருவழியாக வந்து சேர்ந்ததும் கூட்டம் கைதட்டும், கால்கள் இறங்கும். கடைசிச் சரணத்தில் கூட்டமே சேர்ந்து, "இன்னும் ஒரு விரல்! இன்னும் ஒரு விரல்!" என்று கத்தியது.

பாட்டு முடிந்ததும் குவாபாரா தலை நிமிரவில்லை.

"கேட்டுச்சா, சுமிரே சான்?"

"கேட்டுச்சு. ரொம்ப நல்லாவே கேட்டுச்சு."

"அப்போ அடுத்த வருஷம்... மெஷின்தானா?"

"மெஷின் தப்பே பண்ணாது. அதுக்கு யாரும் கைதட்டவும் மாட்டாங்க." சுமிரே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செவ்வாக்கிழமை கடை சாத்துனதும் வாங்க. மீன் பொட்டி மேல உக்காந்து அந்த அஞ்சாவத மட்டும் வாசிங்க. கீழ்வீடு எதுவும் அங்க கெடையாது."

"வர்றேன். ஆனா எஃகுத் தந்தி மாத்தணும், அதுல பாத்தீங்கன்னா வெண்கலப் பூச்சுல ஒரு அஞ்சாறு..."

சுமிரே வெறுமனே பார்த்தார்.

"வர்றேன்" என்று நிறுத்திக்கொண்டார் குவாபாரா.

நாற்காலிகளை மடக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்தார். அவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை. "மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டா? வாங்கற வரைக்கும் நான் நல்லா வாசிக்கறவனாத்தான் இருந்தேன்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கிதாரும் காந்தமும் உங்களுக்கு எதற்கு? நீங்கள் தினமும் ராத்திரி போனில் பார்ப்பது ஓடுகிற ஷூ. எது குதிகாலுக்கு நல்லது, எது முழங்காலைக் காப்பாற்றும், எதில் ஆயிரம் பேர் நாலரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஷூ இல்லையென்றால் வாணலி. வாணலி இல்லையென்றால் நாவல் எழுத ஒரு மேசை. எது என்று நான் கேட்கப்போவதில்லை. சீக்கிரம் வாங்குங்கள் என்று அவசரப்படுத்தவும் மாட்டேன். வாங்கிவிட்டால் மறுநாள் காலையில் ஓட வேண்டியிருக்கும்.