ரெட்டைத்தொப்பியாரின் பஞ்சுத் தாடி

அடுத்தவனைப் பொறாமையில் வேகவைப்பதில் எங்கள் ரெட்டைத்தொப்பியாரை மிஞ்ச இலங்கை மலையகத்து லிந்துலை முழுவதும் தேடினாலும் ஆள் கிடைக்காது. நானே வெந்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. தலையில் எப்போதும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பளித் தொப்பிகள். ஏன் என்று கேட்டால், “தொரையக் கண்டா ஒண்ணக் கழட்டி மரியாத பண்ணிக்கலாம், மண்டையில குளிரும் ஏறாது” என்பார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். மனைவி ஜெயம், நாலு வயது மகள் லில்லி என்று அளவான குடும்பம். பக்கத்து வீட்டில் அவர்.

நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் வந்தால் என் வயிற்றெரிச்சலும் கூடவே வந்துவிடும். நாங்கள் வேதக்காரர்கள், அவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசுபவர். ஆனாலும் மார்கழிப் பனியில் நாங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் பாடிப் போகும்போது முதல் ஆளாக வந்து நிற்பார். பாட்டு ஒரு பக்கம், அவர் குரல் ஒரு பக்கம். சனங்கள் என் குரலை விட்டுவிட்டு அவருக்குத்தான் கைதட்டும். லில்லி ஏறியிருப்பதும் அவர் தோளில்தான்.

ஜெயம் தணலில் வேகவைத்த கேக்கின் முதல் துண்டும் அவருக்கே போனது. “தங்கச்சி, இது கேக்கில்ல, மருந்து. மூணு வேள சாப்பிடணும்” என்றார். சொன்னபடியே மூன்று வேளையும் வந்தார். ஜெயம் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க நத்தார் தாத்தா வேஷம் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகியும் வைத்திருந்தேன். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, கைகாட்டியதோ ரெட்டைத்தொப்பியாரை!

பள்ளிக்கூட மண்டபத்துக்குச் சிவப்பு அங்கியோடு வந்தார். ஆஸ்பத்திரிப் பஞ்சில் தாடி, மீசை. எல்லாம் பிளாஸ்டரால் ஒட்டியது. லில்லி ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

“லில்லி, அப்பாகிட்ட வாடா.”

“நீங்க வேணாம். நான் தாத்தாகூடவே போயிருவேன்!”

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. விளையாட்டுப்போலத் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டேன். பஞ்சோடு அவருடைய சொந்த மீசையில் பாதியும் வந்துவிட்டது. “ஐயோ முருகா!” என்று அலறினார் நத்தார் தாத்தா.

மண்டபம் உறைந்துபோனது. நூறு பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். லில்லியின் உதடு அழுகைக்குப் பிதுங்கியது. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் சட்டென்று என் கையிலிருந்த தாடியைப் பிடுங்கி என் தாடையிலேயே அழுத்தினார். “புள்ளைங்களா! இந்தத் தாத்தாவுக்கு வயசாயிருச்சு. இனிமே இவருதான் தாத்தா!” அங்கியைக் கழற்றி என்மேல் போட்டார். “எங்கப்பா! எங்கப்பா தாத்தா!” என்று லில்லி துள்ளினாள். மண்டபமே ஆரவாரித்தது. வெறும் சட்டையோடு, உதட்டைப் பொத்திக்கொண்டு, அவர் குளிரில் வெளியே போய்விட்டார்.

பரிசுகளைக் கொடுத்து முடித்ததும் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். கண்ணாடி பார்த்து அயடின் தடவிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே. பொறாமையில செஞ்சிட்டேன்.”

“ஏன் தம்பி, ஒங்களுக்கு மட்டுந்தான் பொறாமையா? நீங்க மூணு பேரும் மழையில ஒரே கொடைக்குள்ள போறதப் பாக்குறப்பல்லாம் எனக்கு எப்படியிருக்கும்?” என்று சிரிக்கப் பார்த்தார். உதடு எரிந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நாளைக்கு நம்ம வீட்லதான் சாப்பாடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள், நத்தாரன்று, பாதி மீசையோடு வந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். லில்லியும் அவர் மார்பில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். என் மார்பில் அவள் அப்படித் தூங்கியதில்லை. ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று வந்தது. என்னிடமிருந்த ஒரே நல்ல கம்பளியை எடுத்துவந்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டேன்.