ஒரு ஆளுக்கு அஞ்சு ஜாதகம்

ஒரு சின்ன வேலை. எங்க சங்கத்து வெப்சைட்ல ஒருத்தர் ஒரு நாளைக்கு அஞ்சு ஜாதகத்துக்கு மேல டவுன்லோட் பண்ண முடியாதபடி செய்யணும். அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரம் என்னை எங்கே கொண்டு போய் விட்டுதுன்னு சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். செம்பூர்வாசி. வயசு முப்பத்து நாலு. மருந்து கம்பெனியில வேலை. மாத்திரை டப்பாவுல லேபிள் நேரா ஒட்டியிருக்கான்னு பாக்கணும். கோணலா இருந்தா தனியா எடுத்து வைக்கணும். இதுக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணும் இல்ல.

மாட்டுங்கால எங்க சங்கம். அதோட செயலாளர் மணி மாமா. ஒரு நாள் அவர் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு. நான் அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஓடிடுச்சு. அன்னிலேர்ந்து சங்கத்தோட ஐடி டிபார்ட்மென்ட் நான்தான். சம்பளம் கிடையாது. கமிட்டி மீட்டிங்ல போண்டா உண்டு.

வெப்சைட்ல ஒரே ஒரு பகுதிதான் உயிரோட இருக்கு. வரன் பகுதி. பையன், பொண்ணு ஜாதகம் எல்லாம் வரிசையா இருக்கும். யாருக்கு வேணுமோ டவுன்லோட் பண்ணிப் பொருத்தம் பாத்துக்கலாம். எந்த ஜாதகத்தை எத்தனை தடவை எடுத்திருக்காங்க, எந்த இன்டர்நெட் அட்ரஸ்லேர்ந்து எடுத்தாங்கங்கறது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வரிசையில என் ஜாதகமும் இருக்கு. அம்மா ஏத்தச் சொன்னா, ஏத்தினேன். ரெண்டு வருஷம் ஆச்சு. டவுன்லோட் எண்ணிக்கை மூணு.

மூணு பேர் பாத்திருக்காங்களேன்னு ஒரு நாள் ஆசையா தோண்டிப் பார்த்தேன். மூணும் எங்க வீட்டு வைஃபைலேர்ந்து. மூணும் அம்மா.

"எதுக்கும்மா?"

"சும்மாவே கிடந்துதுடா. பாவமா இருந்தது."

இப்படி எண்ணிக்கை பாக்கற பழக்கத்துலதான் அந்தத் திருடனைக் கண்டுபிடிச்சேன். ஆனி மாசம். தினமும் மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குள்ள, ஒரே அட்ரஸ்லேர்ந்து நாப்பது ஜாதகம், அம்பது ஜாதகம்னு டவுன்லோட் ஆகுது. லேபிள் கோணல்னா பத்தடி தூரத்துலேர்ந்து கண்டுபிடிக்கிறவன் நான். இதை விடுவேனா? கமிட்டியில எழுந்து நின்னு சொன்னேன்.

மணி மாமா போண்டாவைக் கீழே வெச்சார். "புரோக்கர்டா. சந்தேகமே இல்லை. நம்மாத்துக் குழந்தைகள் ஜாதகத்தை இங்கேர்ந்து அள்ளிண்டு போய் வெளியில விக்கறான். சோர், திருட்டுப் பய."

"என்ன பண்ணலாம் மாமா?"

"ஏக் காம் கர். ஒண்ணு பண்ணு. ஒருத்தனுக்கு ஒரு நாளைக்கு அஞ்சுன்னு வை. ஒரு குடும்பத்துக்கு அஞ்சு தாராளம். அதுக்கு மேல கேக்கறவன் குடும்பஸ்தனே இல்லை."

பதினோரு பேர் தலையாட்டினாங்க. நான் பன்னிரண்டாவது.

வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தான். ஒரு அட்ரஸ்னா ஒரு ஆள். அந்த ஆள் அஞ்சு எடுத்ததும் கதவு மூடிடும். சுலபமா இருந்துச்சு. நான் செஞ்ச ஒரே தப்பு, அந்த வீடியோவை முழுசா பாக்காததுதான். மீதி பாதியில "ஜாக்கிரதை"ன்னு ஏதோ ஆரம்பிச்சான். எனக்குப் பசிச்சுது.

கதவு மூடினதும் திரையில ஏதாவது எழுதிக் காட்டணுமில்ல? அங்கேதான் என் இலக்கியத் திறமை வெளிய வந்துது. "நீங்கள் இன்று ஐந்து ஜாதகம் எடுத்தாகிவிட்டது. இது கல்யாண விஷயம். காய்கறி மார்க்கெட் இல்லை. நாளை வரவும்."

எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்.

"இவ்வளவு கறாரா வேணுமாடா?"

"திருடனுக்கு வேற எப்படி எழுதறது?"

அதோட நிறுத்தியிருக்கலாம். யாராவது ஆறாவது ஜாதகத்துல கை வெச்சா எனக்கு ஒரு மெயில் வர மாதிரியும் செஞ்சேன். மெயிலுக்குத் தலைப்பு: திருடன்.

ஒரு வாரம் ஆச்சு. ஒரு மெயில் இல்ல. ரெண்டு வாரம். இல்ல. மழை கொட்டுது, குர்லாவுல தண்டவாளமே தெரியலை, திருடன் மட்டும் தலை காட்டவே இல்ல. ஒரு மாசம் முழுசா போச்சு. கமிட்டியில மணி மாமா எனக்குப் பொன்னாடை போத்தினார்.

"பயந்து ஓடிட்டான் பாருங்கோ. பையன் கெட்டிக்காரன்."

எல்லாரும் கை தட்டினாங்க. நான் கைகூப்பினேன். அது ஆடி மாசம். ஆடியில எவன் ஜாதகத்தைத் தொடுவான்? புது செருப்பு வாங்கவே ஆவணி வரட்டும்னு காத்திருக்கிற கூட்டம் அது. அந்த ரூம்ல ஒருத்தருக்கும் இது தோணலை. பொன்னாடை போத்திக்கிட்டு நின்னவனுக்கும் தோணலை.

இதுக்கு நடுவுல என் வாழ்க்கையில ஒரு நல்லது நடக்கப் பார்த்தது.

ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி, மாட்டுங்கா பூக்கடையில அம்மா ஒரு மாமியைப் பார்த்திருக்கா. முலுண்ட்காரா. ஒரே பொண்ணு, பேங்க்ல வேலை. போட்டோ காட்டினாளாம். அம்மா என் போட்டோவைக் காட்டினாளாம். ரெண்டு பேரும் கால் மணி நேரம் பூ வாங்காம நின்னிருக்கா.

எனக்கும் அந்தப் போட்டோ வந்துது. பொண்ணு ஒரு குடையை வெச்சுக்கிட்டு, அது காத்துல மடங்கிப் போய், சிரிச்சுக்கிட்டு நிக்கறா. சாதாரணமா வரன் போட்டோவுல யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு லிமிட் எதுவும் வைக்கலை.

"ஜாதகத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிடட்டுமா?"ன்னு கேட்டேன்.

"நாம பிள்ளையாத்துக்காரா. நாமளா கொண்டு போய் நீட்டப்படாது. அவாளா எடுத்துப் பாக்கட்டும். ஆவணி பொறந்ததும் முதல் வியாழக்கிழமை நாள் நன்னா இருக்காம். பொண்ணோட அப்பா கணேசன், மத்தியானம் ராகு காலத்துக்கு முன்னாடி வெப்சைட்லேர்ந்து எடுத்துடறேன்னு சொல்லியிருக்கார்."

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு.

அன்னிக்கு நான் லேபிள் எதையும் சரியா பாக்கலை. ஒரு மணிக்கு கேன்டீன்ல மூலையா உக்காந்து போன்ல என் ஜாதகத்துப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டேன். மூணு. ரெஃப்ரெஷ். மூணு. ரெஃப்ரெஷ். மூணு.

ஒண்ணு நாலுக்கு போன் டிங்குன்னுது. மெயில். தலைப்பு: திருடன்.

அதே பழைய அட்ரஸ். ஒரு மாசம் பதுங்கியிருந்துட்டு நல்ல நாள் பாத்து வந்திருக்கான். அஞ்சு எடுத்துட்டு ஆறாவதுல மாட்டிக்கிட்டான்.

ஒண்ணு அஞ்சுக்கு இன்னொரு மெயில். ஒண்ணு ஆறுக்கு மூணு. ஒண்ணு பத்துக்குள்ள பதினேழு. மணி மாமாவுக்கு மெசேஜ் போட்டேன்: "திருடன் துடிக்கிறான் மாமா."

மாமா பதில் போட்டார்: "விடாதே."

விடலை. ஒன்னேகாலுக்கு அந்த அட்ரஸையே மொத்தமா தடை பண்ணேன். பழைய வாசகம் போதாதுன்னு தோணுச்சு. புதுசா எழுதினேன். "நீ யார் என்று எங்களுக்குத் தெரியும். இனிமேல் இந்தப் பக்கம் வராதே."

ஒன்றரை ஆச்சு. மெயில் நின்னு போச்சு. என் ஜாதகத்தைப் பார்த்தேன். மூணு.

பாவம், கணேசன் சாருக்கு ஏதாவது மீட்டிங் இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் அந்தேரி ஸ்டேஷன் படி ஏறிட்டிருக்கேன், மணி மாமா போன்.

"எங்கேடா இருக்கே?"

"ஸ்டேஷன்ல மாமா. திருடன்…"

"திருடன் இல்லடா அது. பேலாப்பூர்ல ஒரு பெரிய ஆபீஸ். அதுல பதினாறு தமிழ்க்காரா இருக்கா. பதினாறு பேருக்கும் கல்யாண வயசுல பசங்க. பதினாறு பேரும் நம்ம சங்கத்து மெம்பர்."

"ஆபீஸ்லேர்ந்தா எடுக்கறாங்க? ஏன்?"

"ஏன்னா? ஆபீஸ்லதானே பிரிண்டர் இருக்கு. ஆத்துல பிரிண்ட் எடுத்தா கலர் மை தீந்து போகாதா?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஒரு ஆபீஸ்ல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளிய தெரியறது ஒரே அட்ரஸ்தான். பெரிய அபார்ட்மென்ட் சொசைட்டியில எல்லார் வீட்டு பார்சலும் ஒரே வாட்ச்மேன் கைக்கு வர மாதிரி. நான் அந்த வாட்ச்மேனைப் பாத்து, நீ ஒருத்தன் எப்படிப்பா இத்தனை பார்சல் வாங்கலாம்னு கேட்டிருக்கேன். நான் பாதியில நிறுத்தின வீடியோவுல அவன் சொல்ல வந்த ஜாக்கிரதை இதுதான்.

ஒரு மணிக்கு லன்ச். ஒன்றரைக்கு ராகு காலம். பதினாறு அப்பாக்களுக்கும் அதே அரை மணி நேரம். முதல்ல போய் உக்காந்தவர் ஒரே மூச்சுல அஞ்சையும் எடுத்துட்டார். மீதி பதினஞ்சு பேரும் மாத்தி மாத்தித் தட்டியிருக்காங்க.

"மாமா, அதுல…"

"முலுண்ட் கணேசன் இருக்கார். அவர்தான் போன் பண்ணினார். 'என்னை யாருன்னு தெரியுமாமே, எப்படி சார் தெரியும்'னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

நான் படியில அப்படியே நின்னுட்டேன். பின்னாடி வந்தவர் "ஆகே சல், முன்னாடி போ"ன்னு தள்ளினார். ஏறினேனா இறங்கினேனான்னு ஞாபகம் இல்ல.

"அப்புறம் இன்னொண்ணு"ன்னார் மாமா. "அந்தப் பொன்னாடையைத் திருப்பிக் குடுத்துடு. அடுத்த மீட்டிங்ல வேற ஒருத்தருக்குப் போத்தணும்."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா திட்டலை. திட்டியிருந்தா தேவலை. என் ஜாதகத்தை பிரிண்ட் எடுத்து வான்னு மட்டும் சொன்னா. எடுத்துட்டு வந்தேன். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவினா. ஞாயித்துக்கிழமை அதைப் பையில வெச்சுக்கிட்டு, பிள்ளையாத்துக்காரா நீட்டப்படாதுன்னு சொன்ன அதே அம்மா, எனக்கு முன்னாடி முலுண்ட் டிரெயின்ல ஏறினா. எனக்கு அவமானமா இருந்துது. அம்மாவை அப்படிக் கூட்டிட்டுப் போனதுதான் இந்தக் கதையிலயே எனக்கு இன்னும் வலிக்கிற இடம்.

கணேசன் சார் நல்ல மனுஷர். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "வாங்கோ. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும்"னார்.

அந்த ஒண்ணோட விட்டுட்டார். காப்பி குடுத்தார். நான் வாட்ச்மேன் கதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிச்சார். அம்மா பையிலேர்ந்து ஜாதகத்தை எடுத்தா.

அவர் கையை நீட்டலை.

"மாமி, சொல்லவே சங்கடமா இருக்கு. அன்னிக்கு ராகு காலத்துக்குள்ள ஒரு ஜாதகமாவது எடுத்துண்டு போகலைன்னா ஆத்துல அவ பேசவே மாட்டாள். எனக்கு அடுத்த சீட்காரர்தான் முதல்ல உக்காந்து அஞ்சையும் எடுத்தவர். அவர் பொண்ணுக்கு அதுல ஒண்ணு நட்சத்திரம் ஒத்து வரலை. 'சும்மா இருக்கு, நீங்க பாருங்கோ'ன்னு குடுத்தார். கொண்டு வந்து பாத்தா பத்துக்கு ஒம்பது பொருத்தம். பையன் தேவ்நார். நேத்திக்கு வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போனா. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு."

தேவ்நார். எங்க வீட்டுலேர்ந்து பஸ்ல பத்து நிமிஷம்.

உள்ளேர்ந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுது. போட்டோவுல பாத்த சிரிப்புதான்னு நினைக்கிறேன். அம்மா ஜாதகத்தை மறுபடி பையில வெச்சா. சந்தோஷம்னு சொன்னா. நானும் சொன்னேன்.

திரும்பி வரும்போது டிரெயின்ல அம்மா ஜன்னல் பக்கம் உக்காந்து வெளியவே பாத்துக்கிட்டிருந்தா. பாண்டுப் ஸ்டேஷன் போச்சு. விக்ரோலி போச்சு. காட்கோபர்ல கூட்டம் ஏறிச்சு. அப்ப என் பக்கம் திரும்பினா.

"ஏண்டா, கணேசன் எத்தனாவதா உக்காந்தாராம்?"

"ரெண்டாவதா. அடுத்த சீட் இல்லையா? முதல் மெயில் அவரோடதுதான். ஆறாவது ஜாதகம் கேட்டவர்."

அம்மா விரலை மடக்கி எண்ணினா.

"அஞ்சுன்னு வெச்சியே. ஒரு ஆறுன்னு வெச்சிருக்கப்படாதா?"

லிமிட்டையும் தடையையும் அன்னிக்கே எடுத்துட்டேன். பேலாப்பூர் ஆபீஸ்காரங்க மறுநாளே நாப்பது ஜாதகம் எடுத்தாங்க. யாரும் என்னுதை எடுக்கலை.

தை மாசம் முலுண்ட் கல்யாணம் நடந்துது. கணேசன் சார் போன் பண்ணி, "உங்க லிமிட் இல்லேன்னா இந்த இடம் அமைஞ்சிருக்காது, நீங்கதான் காரணம்"னு மனசார நன்றி சொன்னார். கல்யாணப் போட்டோவை சங்கத்து வெப்சைட்ல போட முடியுமான்னு கேட்டார். எல்லாரும் எடுத்துக்கட்டும், அஞ்சுன்னு மட்டும் வெச்சுடாதீங்கோன்னார்.

போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பழக்க தோஷத்துல அந்தப் போட்டோவோட எண்ணிக்கையைப் பார்த்தேன். மூணு.

மூணும் அம்மா.