டீசல் முள்ளோடு மல்லுக்கு நின்றவர்

எல்லாக் கருவியும் பொய் சொல்லும், தன் காதும் மூக்கும் மட்டுமே மெய் சொல்லும் என்று வாழ்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. அவர்களுக்குக் கடிகாரம் முந்தி ஓடும், தராசு சாய்ந்து நிற்கும், வானிலை அறிக்கை வேறு ஊருக்குப் போட்டதாக இருக்கும். சகல லட்சணமும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமா? ஐஸ் தொழிற்சாலை வாசலில், தன்னைவிடக் கிழடான லாரியின் டீசல் டேங்கில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்.

அந்த லாரியில் டீசல் அளவு காட்டும் முள் ஆறு வருடமாக ‘நிறைவு’ என்ற கோட்டிலேயே குந்தியிருந்தது. நிரப்பினாலும் நிறைவு, வறண்டாலும் நிறைவு. நம்மவர் சும்மா விடுவாரா? வெயிலில் டீசல் பொங்குகிறது என்றார். மேடுபள்ளத்தில் முள் பயந்துபோய் மேலேயே நின்றுவிட்டது என்றார். மீட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டினார். மாட்டி முடித்ததும் கையில் நான்கு திருகாணி மிச்சம் இருந்தது. லாரி செய்தவனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் டேங்கை விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடி, டாக்டர் நாடி பார்ப்பதுபோலக் கேட்டு, “கால் டேங்க் இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லும் கலையில் தேர்ந்தார். அந்தத் தீர்ப்பு சில நாள் பலித்தது. பலிக்காத நாட்களில் லாரி வழியில் நின்றது; ஐஸுக்குக் காத்திருந்து மார்க்கெட்டில் மீனும் வியாபாரியும் சேர்ந்து காய்ந்தார்கள். இரண்டு தடவை பொறுத்த மீன் வியாபாரி, மூன்றாவது தடவை ஐஸ் தாமதமானால் வேறு லாரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு லோடுதான் குடும்பத்தின் அடுப்பு.

மனைவி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி காயில் கட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் தூங்கும் நேரம் பார்த்து, டேங்க் மேலிருந்து மீட்டருக்குப் போகும் வயரை உருவி லாரியின் இரும்புச் சட்டத்தில் தொட்டார். ஆறு வருடமாக அசையாத முள் தடாலென்று காலிக்கு விழுந்தது. ஆக மீட்டருக்கு நோயில்லை, அந்த வயருக்கும் நோயில்லை. டேங்கை இரும்புச் சட்டத்தோடு சேர்க்கும் எர்த் வயர்தான் துருவேறிக் கிடந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கி, உருவிய வயரையும் மாட்டினார். முள் கொஞ்சம் எழுந்து, காலிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

தூங்கி எழுந்து வந்த கணவர் பார்த்தார். பதறிப்போனார்.

“நேத்து வரைக்கும் ஃபுல்லா காட்டிட்டிருந்துச்சு. நீ கை வச்ச, காலியாயிடுச்சு.”

“காலியா இருந்தா காலின்னுதாங்க காட்டும்.”

பெண்பிள்ளை பேச்சும் முள் பேச்சும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தால் அது சதியல்லாமல் வேறென்ன? மறுநாள் காலை பிடிவாதமாக டேங்கைத் தட்டினார், கேட்டார், ஐஸை ஏற்றினார், பெட்ரோல் பங்கை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்தார். லாரி பாலத்தின் நடு முதுகில் இருமிவிட்டுப் படுத்தது.

இறங்கி பானெட்டைத் திறந்தார். ஃபில்டர் அடைப்பு என்றார். பம்ப் என்றார். டீசலில் கலப்படம் என்று வழிப்போக்கர்களிடம் பிரசங்கம் செய்தார். பின்னால் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் நடுமண்டையில் விழுந்தது. கடைசியில், கேன் ஒன்று எடுத்துவரச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தார். ‘டீசல்’ என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. மனைவியும் எதற்கென்று கேட்கவில்லை, கேன் நிறைய டீசலோடு ஸ்கூட்டரில் வந்தார், ஊற்றினார். டீசல் வறண்டதால் குழாயில் புகுந்திருந்த காற்றை இவர் பம்ப் அடித்து வெளியேற்றினார். அந்த வேலை மட்டும் அவருக்கு அற்புதமாக வரும்; பழக்கம் அப்படி. ஸ்கூட்டரை ஓரமாகப் பூட்டிவிட்டு மனைவியும் லாரியில் ஏறிக்கொண்டார்.

பெட்டி அளவில் ஏறிய கட்டிகள் மார்க்கெட்டில் தலையணை அளவில் இறங்கின. வியாபாரி கைகட்டி நின்றார். இன்றைக்கு என்ன காரணம் என்று கேட்டார். ஃபில்டர், பம்ப், கலப்படம் மூன்றும் நாக்கு நுனியில் வரிசை கட்டின. பக்கத்தில் மனைவி டீசல் வாடையடிக்கும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீசல் தீந்துபோச்சு. தீரப்போகுதுன்னு முள் நேத்தே சொல்லிச்சு. எனக்குத்தான் அதைவிட அதிகம் தெரியுமே.”

 வியாபாரி அவரை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு வண்டியில டீசல் இருக்குமாம்மா?”

“முள்ளைப் பாத்துச் சொல்றேங்க.”

“அப்ப நீங்க சொல்லுங்க, லோடு அனுப்பச் சொல்றேன். அண்ணன் வண்டி மட்டும் ஓட்டட்டும்.”

லோடு பிழைத்தது. நம்மவர் பாதி மானத்தோடு திரும்பினார். அந்தப் பாதியும் தட்டிக் கேட்டுச் சொன்னதுதான், சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கி, தரை சரியில்லை என்று வேறு மூலைக்கு நகர்த்தியவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும். என் மெஷின் மூன்று அறை மாறி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வீட்டிலேயே அங்கேதான் தரை சமமாக இருக்கிறது.